நார்பெர்ட் விழுந்த விதம்

சூரியகாந்தி விதையை உப்புப் போடாமல் வறுப்பதுதான் நல்லது. உப்புப் போட்டால் உதடு எரியும். ஒரு பந்தயம் முழுக்கக் கொறிக்க முடியாது. எங்கள் ஊரில் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்க உட்காருகிறவன் கையில் விதை இல்லாமல் உட்காரமாட்டான். அன்றைக்கும் நான்தான் வறுத்து எடுத்துப் போனேன். என் நாற்காலியைச் சுற்றி நிறையத் தோல் கிடந்ததாக நீங்கள் சொன்னீர்கள். இருக்கும்.

நீங்கள் வார்சாவிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி என்று வெளியே நிற்கும் காவலர் சொன்னார். அதனால் கொஞ்சம் விளக்குகிறேன், தவறாக நினைக்காதீர்கள். நான்கு பேர், நான்கு சுற்று, பிரேக் இல்லாத வண்டி. ஒருவன் விழுந்து தடத்திலேயே கிடந்தால் மேலே கூண்டில் இருக்கும் நடுவர் சிவப்பு விளக்கைப் போட்டு ஓட்டத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தக் காரணமானவனை விலக்கிவிட்டு மற்றவர்களை மறுபடி ஓட விடுவார். இடித்துத் தள்ளப்பட்டவன் ரோஷத்தோடு எழுந்துவிட்டால் அவனுக்குத்தான் நஷ்டம். ஓட்டம் அவன் இல்லாமலே முடிந்துவிடும். அதனால் அடிபட்டவனும் கிடப்பான், அடிபடாதவனும் கிடப்பான். எவன் எந்த ரகம் என்று வாதாடுவதில் எங்கள் ஊர் ஆண்களுக்குப் பாதி ஆயுள் போகிறது.

எனக்கு அது பார்த்த மாத்திரத்தில் தெரியும். நடிப்பவன் விழுந்தவுடன் தன் சௌகரியத்தைப் பார்ப்பான். உடம்புக்கு அடியில் மாட்டிய கையை நைசாக உருவிக்கொள்வான். பிறகு விளக்கு எரிகிறதா என்று தலையைத் திருப்புவான். நிஜமாக விழுந்தவன் கை எங்கே மாட்டியதோ அங்கேயே கிடக்கும். அரங்கில் யார் விழுந்தாலும் என் வரிசைக்காரர்கள் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "எட்மண்டு, என்னய்யா சொல்றே?" என்பார்கள். நான் சொன்னது ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

நார்பெர்ட் என் தங்கை இரெனாவின் கணவர். நல்ல மனிதர், கை தாராளம். சொந்தமாக ஒரு கருத்து கிடையாது, அது ஒன்றுதான் குறை. தொலைக்காட்சியில் வர்ணனையாளர் என்ன சொன்னாரோ அதை இரண்டு நாள் கழித்து ரொட்டிக் கடை வரிசையில் தன் கண்டுபிடிப்பாகச் சொல்வார். சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். எனக்கு வயிறு எரியும். அதை நான் மறைக்கவில்லை.

எங்கள் சண்டை பொறுக்காமல் இரெனா ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். பழைய சைக்கிளின் பின்பக்கச் சிவப்பு விளக்கை, அவர்கள் வீட்டில் நான் எப்போதும் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினாள். வாக்குவாதம் முற்றினால் ஒருவர் தரையில் படுத்துவிட வேண்டும், மற்றவர் விளக்கைப் போட வேண்டும். போட்டால் பேச்சு நின்றது என்று அர்த்தம், சாப்பிடப் போவோம். படுப்பது எப்போதும் நார்பெர்ட்தான். தொப்பையோடு கம்பளத்தில் உருண்டு, "ஐயோ தள்ளிட்டான், நடுவரே, விளக்கைப் போடுய்யா" என்பார். இரெனா சிரித்துக்கொண்டே சூப் கொண்டுவருவாள். உங்களுக்கு விளையாட்டாகத் தோன்றும். விளையாட்டுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அணிக்கு வெளியூரில் பந்தயம். அதனால் நார்பெர்ட் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தோம். இரெனா பக்கத்து வீட்டு விருந்துக்குப் போயிருந்தாள். எங்கள் அணிப் பையன் கையெடான் முதல் வளைவில் விழுந்து கிடந்தான். எதிராளி தள்ளிவிட்டான் என்று வர்ணனையாளர் கத்தினார். நடுவர் கையெடானையே விலக்கினார். நடுவர் செய்ததுதான் சரி என்றேன். பையன் கையை உருவியதை நான் பார்த்தேன்.

"முழங்கையால இடிச்சிருக்கான் மச்சான். வர்ணனை காதுல விழலையா?" என்றார் நார்பெர்ட்.

"அவன் கத்துறதுக்குக் காசு வாங்குறவன். உனக்குக் கண்ணுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"உனக்கு மட்டும் என்ன, நடுவர் கூண்டுலயே பொறந்தியா? உன் வரிசைக்காரனுங்க உன்கிட்ட ஏன் கேக்குறானுங்க தெரியுமா? எட்மண்டைக் கேளு, அதுக்கு நேரெதிராச் சொல்லு, சரியா இருக்கும்னு பேசிக்கிறானுங்க. ஊரே சிரிக்குது. உனக்குத்தான் தெரியல."

இதைச் சொல்லிக்கொண்டே எழுந்தார். முகம் ஒரு மாதிரி சிவந்திருந்தது. மேசையைப் பிடிக்கப் போன கை வெள்ளரி ஊறுகாய்த் தட்டைப் பிடித்தது. தட்டோடு விழுந்தார்.

விளக்கின் சுவிட்ச் எனக்கு எட்டும் தூரம்தான். "விளக்கெல்லாம் போடமாட்டேன். எந்திரி," என்றேன்.

அந்த நேரம் தொலைக்காட்சியில் கையெடான் விழுந்த காட்சியை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். வர்ணனையாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் பார்த்தது தவறு, நடுவர் சொன்னதே சரி என்று ஒத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் ஒரு வர்ணனையாளர் அப்படி ஒத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. நார்பெர்ட் கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டினேன். "கேட்டியா மச்சான்? உன் ஆளே சொல்லிட்டான்," என்றேன். அவரிடமிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. வர்ணனை சரியாகக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

மிச்சம் இருந்த ஓட்டங்களையும் பார்த்தேன். விதை இருந்தது, கொறித்தேன். நாங்கள் தோற்றோம். குறட்டை எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. வாசல் கதவுச் சத்தம் கேட்டபோது எட்டி விளக்கைப் போட்டேன். இரெனா உள்ளே வந்து பார்த்தபோது அது எரிந்துகொண்டிருந்தது. ஆம்புலன்சுக்குச் சொன்னது அவள்தான்.

உடனே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். நடிக்கிறார் என்று நினைத்தேன் என நேற்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எல்லோரும் நம்புகிறார்கள். இரெனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல என்னண்ணா தப்பு? அவரு எப்பவும் அப்படித்தானே விழுவாரு," என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நீங்களும் நம்பியதாகத்தான் தெரிந்தது. இன்று வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள்.

போய்க்கொண்டிருந்தேன். வெளியே காவலர் தோளில் தட்டி, "விடுங்க பெரியவரே. யாரும் ஏமாறத்தான் செய்வாங்க. எது நிஜமா விழுந்தது, எது நடிப்புன்னு மனுஷனால சொல்ல முடியுமா?" என்றார். அவரும் அரங்கில் என் வரிசைக்கு இரண்டு வரிசை பின்னால் உட்காருகிறவர். ஆறுதலாகத்தான் சொன்னார். நாளைக்கு இதையே ரொட்டிக் கடையில் சொல்வார். எட்மண்டுக்குத் தன் மச்சான் விழுந்ததையே கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்று பேசிக்கொள்வார்கள். நார்பெர்ட் சொன்னது சரியென்று ஆகிவிடும்.

அதனால்தான் திரும்பி வந்தேன். நேற்றுக் கொடுத்ததைக் கிழித்துவிடுங்கள். நார்பெர்ட் விழுந்தபோது இடது கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. அவர் அதை உருவவில்லை. விளக்குப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை, அன்றைக்கும் எனக்குத் தப்பவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.