டத்தோ தொட்ட சட்டி

மண்பாண்டக் கண்காட்சியில் கடை போட்டுவிட்டு வந்த இரண்டு பெண்கள், தங்கா பத்து போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இளையவளின் முழங்கை வரை மண் காய்ந்திருந்தது.

“அந்தச் சட்டிக்கு முன்னால ஒட்டியிருந்த என் பேர்ச் சீட்டக் கிழிச்சு எறிஞ்சிட்டு வந்துட்டேன், அக்கா.”

“ஏம்மா, நீ செஞ்சதுதானே?”

“சக்கரத்துல நல்லாத்தான் எழும்பி வந்துச்சு. திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினரா வந்த டத்தோ, போட்டோ எடுக்கணும்னு கைய வெச்சு அமுக்கிட்டாரு. ஒரு பக்கம் அப்படியே சாஞ்சிருச்சு. அதத் தூக்கி நடு மேசையில வெச்சிட்டாங்க!”

“அப்ப அவரு பேரையே போட வேண்டியதுதானே லா?”

“காலையில அவரு பேருதான் இருந்துச்சு, அக்கா! வந்தவங்க எல்லாம் பாத்துச் சிரிச்சாங்க. மத்தியானம் அதக் கிழிச்சிட்டு என் பேர ஒட்டிட்டாங்க!”