மேவிஸ் தேர்ந்தெடுத்த நாவல்

எங்கள் வீட்டில் நாவல்களுக்கெல்லாம் மளிகைப் பையின் பழுப்புத் தாளைக் கிழித்து அட்டை போட்டுவிடுவோம். எழுதியவரின் பெயரைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது என்பதற்காக. மாதம் ஒரு நாவல். ஒரு மாதம் நான் தேர்ந்தெடுப்பேன், அடுத்த மாதம் என் மனைவி மேவிஸ். படித்து முடித்ததும் ஆளுக்கொரு சீட்டில் கருத்தை எழுதி, ஞாயிறு காலை பான்கேக் சாப்பிடும்போது மாற்றிக்கொள்வோம். அமெரிக்காவின் வட எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் டுலூத்தில் குளிர்காலம் நீளமானது. இருபத்தாறு வருடம் இப்படித்தான் ஓடியது.

நான் உயர்நிலைப் பள்ளியில் இலக்கியம் கற்பித்தவன். மேவிஸ் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். எங்கள் வீட்டு எழுத்தாளன் நான்தான் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. என் நாவல் பதினெட்டு வருடமாக நாற்பதாம் பக்கத்தில் நின்றிருந்தது. அதை அவள் ஒருநாளும் கேலி செய்ததில்லை. செய்திருந்தால் தேவலை.

ஒரு பிப்ரவரியில் அவள் முறை. அட்டை போட்ட புத்தகத்தை நீட்டினாள்.

"கோர்டி, நான் படிச்சிட்டேன். நீ படிச்சிட்டு உள்ளதைச் சொல்லு. தாட்சண்யம் பாக்காதே."

"நான் எப்பப் பாத்தேன்? போன தடவை நீ குடுத்ததைக் கிழிச்சுத் தோரணம் கட்டலையா?"

"அதனாலதான் உன்கிட்ட குடுக்கறேன்," என்றாள்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு பெண் ஆப்பிள் துண்டை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டே, ஏரியின் பனி வெடிக்கும் சத்தத்தை எண்ணுகிறாள். அப்படிச் செய்யும் ஒரே ஆளை எனக்குத் தெரியும். மேவிஸே எழுதி, அச்சுக் கடையில் ஒரே ஒரு பிரதி போட்டு வாங்கியிருக்கிறாள். தன் பெயர் தெரிந்தால் நான் கணவனாகப் பேசிவிடுவேன் என்று பயந்திருக்கிறாள். எங்கள் விதியை அவள் அவ்வளவு நம்பினாள்.

இரண்டே நாளில் முடித்தேன். அருமையான நாவல். அதன் பக்கத்தில் வைக்க, நாங்கள் படித்தவற்றில் நாலைந்துகூடத் தேறாது. கடைசி அத்தியாயத்தில் அழுதேன். கண்ணைத் துடைத்த பிறகு வயிறு எரிந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சீட்டில் நிதானமாக எழுதினேன்: "இவருக்கு ஆசை இருக்கிறது, மனிதர்களைத் தெரியவில்லை. இவர் நலம் விரும்பும் யாராவது இத்தோடு நிறுத்தச் சொல்ல வேண்டும்."

மேவிஸ் அதை இரண்டு முறை படித்தாள்.

"ஒரு பக்கம்கூடவா தேறல?"

"நீதானே உண்மையைக் கேட்டே?"

"ஆமா. கேட்டேன்." பான்கேக்குக்கு ஊற்றும் சிரப்பை என் பக்கம் நகர்த்தினாள். "என் சீட்டு இன்னும் எழுதல. விடு."

அதற்குப் பிறகு அவள் எதுவும் எழுதவில்லை. கணினியில் இருந்ததையும் அழித்துவிட்டாள். எந்த ஞாயிறன்று வேண்டுமானாலும் நான் வாய் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கு எனக்கு ஒன்பது வருடம் இருந்தது.

போன அக்டோபரில் மேவிஸ் இறந்தாள். அடக்கத்துக்கு வந்த அவள் தங்கை ஈனிட் என்னிடம் கேட்டாள்: "அவ ஏதோ நாவல் எழுதிட்டிருந்தாளே, முதல்ல உன்கிட்டதான் காட்டுவேன்னு சொன்னா. எங்க இருக்கு?"

"எனக்குத் தெரியாதே," என்றேன்.

ஈனிட் ஊருக்குப் போனதும் மேவிஸின் அலமாரியில் தேடி எடுத்தேன். என் சீட்டை அவள் உள்ளேயே வைத்திருந்தாள். நாவலை இன்னொரு முறை முழுதாகப் படித்துவிட்டு, இரண்டையும் விறகடுப்பில் போட்டேன்.

ஒன்றை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். மற்ற எல்லா நாவல்களைப் பற்றியும் அவளிடம் நான் உண்மையைத்தான் சொன்னேன்.