கால் மணி நேர நடுக்கம்

“போன மாசம் ஒரு நாள் கால் மணி நேரம் நல்லா நடுங்குனேன்க்கா. அதுலேர்ந்து நிம்மதி.”

முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் போயிற்று. ஸ்ரீரங்கம் டவுன் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்தில், காந்தி மார்க்கெட் காய்கறிப் பையை மடியில் வைத்தபடி இன்னொருத்தி.

“ஏன்டி, காய்ச்சலா?”

“இல்லக்கா. எட்டு வருஷமா இந்த முதுகுவலி. அதுக்கு ஒரு கிளாஸ் போறேன். பாய்ல படுத்து உடம்பை அது பாட்டுக்கு நடுங்க விடணும். உள்ள சேர்ந்த டென்ஷன்லாம் இறங்கிடுமாம். வீட்டுல செஞ்சு பார்த்தேன். மாமியார் பார்த்துட்டு, ஆத்தா வந்துட்டான்னு சூடம் கொளுத்திட்டாங்க. ‘என்ன குறை தாயே’ன்னு கேக்குறாங்க.”

“ஐயையோ! நீ என்ன சொன்ன?”

“‘உன் மருமக இனிமே துணி துவைக்கக் கூடாது’ன்னேன்.”

“அடிப்பாவி! வலி எப்படி இருக்கு?”

“பாதி போயிடுச்சு. நடுங்குனதாலயா, துவைக்காததாலயா, தெரியல.”

நான் இறங்க வேண்டிய அம்மா மண்டபம் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

“அப்ப யாரு துவைக்கிறது?”

“மாமியார்தான். மூணு வாரம் துவைச்சாங்க. இன்னைக்குக் காலையில பார்த்தா, பாய் விரிச்சு அவங்க நடுங்குறாங்க.”

“என்ன கேட்டாங்க?”

“‘இனிமே என் மகன்தான் துவைக்கணும்’னுட்டாங்க. நானே சூடம் காட்டிட்டு வரேன்.”