பச்சைத் துரும்பு

— மெதுவா நடங்க. பஞ்சாயத்துக்குப் போறோம், விருந்துக்கில்ல.

— நானென்ன ஓடறனா? நீதான் நின்னு நின்னு வார, பெருமாயி.

— முள்ளுக் குத்திருச்சுங்க.

— காட்டு, எடுத்து உடறேன்.

— அட… உறவத் தீத்துக்கப் போற அன்னிக்குத்தான் பொண்டாட்டி காலு கண்ணுக்குத் தெரியுதாக்கும்.

— போன தடவையும் இப்பிடித்தான் பேசிக்கிட்டே வந்த. கடைசில என்னாச்சு? ரெண்டு பேரும் ஒண்ணா ஊட்டுக்குத் திரும்புனோம்.

— துரும்பு ஒடியலைங்க. ஊரு முன்னால ஆளுக்கொரு முனையப் புடிச்சு இழுத்தோம், அது பாட்டுக்கு வளைஞ்சுது. பட்டுனு ஒடிஞ்சாத்தான் தீந்த கணக்குன்னு ஊர்க்கவுண்டரு அனுப்பிச்சுட்டாரு.

— 'அர்த்தனாரி, சாமிக்கே உங்களப் பிரிக்க மனசில்ல'ன்னாரு.

— சாமிக்கென்னங்க. அதா வந்து கூரை மேயுது?

— ஆரம்பிச்சுட்டியா…

— ஐப்பசி மழையில பாதிக் கூரை எறங்கிருச்சு. வாழத்தார மலைக்குக் கீழ சந்தையில போட்டுட்டு விடிஞ்சா வாரேன்னு போனவரு, தை பொறந்து வந்து, 'கூரை நல்லாருக்குதே, யாரு மேஞ்சது'ங்கறீங்க.

— யாருதான் மேஞ்சது?

— நானுங்க. பொறாமப்பட ஆளு கெடைக்காம ஏமாந்துட்டீங்க.

— கீழ வேலை இருந்துச்சு, புள்ள. யுத்த காலம்…

— யுத்தம் முடியட்டும்னீங்க. சப்பான்காரனே அடங்கி ஊடு போயிட்டான். நீங்க இன்னும் அடிவாரத்து முள்ளுக்குறிச்சியத் தாண்டி ஊடு வந்து தங்கல.

— அங்க எனக்கு வேற ஒருத்தி இருக்கறாளோன்னு நெனைக்கறியா?

— இருந்தாத் தேவலைங்க. அவளும் நானும் ஒக்காந்து காத்திருக்கலாம். பேச்சுத் தொணைக்கு ஆச்சு.

— உன்னாட்டம் பேச யாருக்கு வரும்… இதுக்காவேதான் திரும்பித் திரும்பி வாரேன்.

— அதாங்க எனக்குப் பயமே.

— பயமா?

— வந்தா சிரிக்க வெச்சுப்புடறீங்க. நாலு நாளு நல்லாத்தான் இருக்குது. அப்பறம் போயிடறீங்க. நாய் குரைச்சாப் போதும், நீங்கதான்னு எந்திரிச்சுக் கதவத் தொறப்பேன். இப்ப அது குரைக்கறதே இல்ல. எதுக்கு இவள எழுப்பறதுன்னு உட்டுருச்சு.

— இந்தத் தடவை போவ மாட்டேன்.

— இத நான் கேட்டதே இல்லீங்க பாருங்க.

— நெசமாத்தான். இரு… இந்தச் சரிவுல துரும்பு பறிச்சுக்கறேன். கொண்டாறது ஆம்பள மொறை.

— செரமப்படாதீங்க. யாரு கொண்டாந்தாலும் சரின்னுட்டாரு கவுண்டரு.

— பெருமாயி… ஒண்ணு சொல்றேன், கோவப்படக் கூடாது.

— கோவப்படற வேலையெல்லாம் முடிஞ்சு போச்சுங்க. சொல்லுங்க.

— போன தடவ நாந்தான் வேணும்னே பச்சத் துரும்பாப் பறிச்சாந்தேன். ஒடியாதுன்னு தெரியும். உன்ன உடறதுக்கு மனசில்ல.

— தெரியுங்க.

— தெரியுமா? அப்பறம் ஏன் ஊரு முன்னால வாயத் தொறக்கல?

— காஞ்ச துரும்பு ஒண்ணு எங்கொண்டையில சொருகியே வெச்சிருந்தேன். நீங்க பச்சையாப் பறிக்கறதப் பாத்தப்பறம், அத எடுக்க எனக்கும் மனசு வரலைங்க… இன்னிக்குக் கையிலயே வெச்சிருக்கேன். நடங்க.