நற்சான்று பெற்ற தண்ணீர்

இந்த விசாரணை அறையில் ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, மேடம். அரசாங்க அலுவலகங்களில் நான் பார்த்த ஃபேன்களில் பாதி சத்தம் மட்டும்தான் போடும். டம்ளரில் தண்ணீர் வைத்ததற்கும் நன்றி, அப்புறம் குடித்துக்கொள்கிறேன். முதலில் நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

என் பெயர் குணசேகரன். கஜா புயலுக்குப் பிறகு குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் மண்ணையும் தண்ணீரையும் எடுத்துச் சென்னைக்குப் பரிசோதனைக்கு அனுப்பும் வேலை பார்த்தேன். புயலில் தென்னை சாய்ந்தால் டிவியில் காட்டுவார்கள். பட்டறைகளிலும் குடோன்களிலும் கிடந்த விஷம் மழைத் தண்ணீரோடு கிளம்பி ஊருக்குள் போவதை யாரும் காட்டமாட்டார்கள். அதற்காகவே ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை நிதி ஒதுக்கியது. எங்கே விஷம் பரவியிருக்கிறது என்று பரிசோதிக்கும் செலவு அவர்களுடையது. பரவியிருந்தால் மண்ணை அள்ளிச் சுத்தம் செய்து, புதுத் தண்ணீர்த் தொட்டியும் கட்டித் தருவார்கள். அதுவரை அந்த இடத்தில் யாரும் எதுவும் கட்டக்கூடாது. பரவவில்லை என்றால் ஒரு நற்சான்று, அத்தோடு சரி. எங்கள் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. ஜீப் உண்டு. போகிற இடமெல்லாம் ‘சார்’ என்பார்கள். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது.

சூசைமேடு சின்ன ஊர், எல்லாரும் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ஊர் ஓரத்தில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. புயலில் அதன் கூரை போயிற்று. ஆசிட் தொட்டி நிரம்பி வழிந்து, ஊரே குடிக்கிற அடிபம்பு வரை ஓடிவிட்டது. முதலாளி வெளியூர்க்காரர், மறுநாளே செல்போனை அணைத்துவிட்டார். நான் போனபோது மண் சாம்பல் பூத்துக் கிடந்தது. கோழிகள்கூட அந்தப் பக்கம் மேயவில்லை. கோழிகளுக்கு எந்த அறக்கட்டளையும் நிதி கொடுக்கவில்லை, அதுகளாகவே கண்டுபிடித்துக்கொண்டன.

பம்புத் தண்ணீர் பிடிக்க நான் பாட்டிலை எடுத்ததும் அந்தோணிமேரி என்ற பெண் ஓட்டமாக வந்தாள். இடுப்பில் புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடம், நிறையத் தண்ணீர். அடுத்த ஊர் நல்ல தண்ணீர்க் கிணற்றில் போய் இறைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கலங்கல் தண்ணீர் கொடுப்பார்களா? அதுவும் சென்னைக்குப் போகிற தண்ணீர். கோயில் கமிட்டித் தலைவர் ஆரோக்கியமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இதப் புடிச்சுக்கங்க. பம்புத் தண்ணி ஒரு மாதிரியா இருக்கு. தண்ணி கெட்ட ஊருன்னு பேரு வந்துருச்சுன்னா எங்க புள்ளைகள எவன் கட்டிக்கிட்டுப் போவான்?”

“பரிசோதனைன்னா உள்ள தண்ணியத்தாங்க புடிக்கணும்,” என்றேன். மாதிரி எடுப்பதில் நான் ஏமாற்றுவதில்லை. இதை நீங்கள் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அடிபம்பை நானே அடித்து, நானே பிடித்தேன். ஆனால் அந்தப் பெரியவரின் முகம் சுருங்கியது என்னை என்னவோ செய்தது. எனக்கு இளகிய மனசு, மேடம். அதுதான் என் பலவீனம்.

அன்றைக்கே கருவேலங்குடிக்கும் போனேன். அங்கே இடிந்த உரக் குடோன் ஒன்று இருப்பதாக மனு வந்திருந்தது. போய்ப் பார்த்தால் காலிக் கட்டடம், எலிகள் ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருந்தன. பழைய பிரசிடென்ட் சோலையப்பன் ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டார். இலை எடுத்த பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“சார், இங்கிட்டு வெசம் இருக்குன்னு மட்டும் வந்துருச்சுன்னா போதுங்க. தொட்டி வந்துரும். ஊருக்குப் பேரு கெட்டுருமேன்னு பாக்காதீங்க. அது எப்பவோ கெட்டுப்போச்சு.”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. திரும்பி வரும்போது ஜீப்பில் இரண்டு ஊரிலும் எடுத்த தண்ணீர் பாட்டில்களும் மண் பைகளும் அருகருகே இருந்தன. ஊர்ப் பெயர் போட்ட ஸ்டிக்கர் இன்னும் ஒட்டவில்லை. ஓர் ஊர் நல்ல பேர் கேட்கிறது, ஓர் ஊர் கெட்ட பேர் கேட்கிறது. இரண்டும் என் மடியில் இருக்கின்றன. அவரவர் கேட்டதை அவரவருக்குக் கொடுக்க எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஒட்டிவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து சோலையப்பன் என் வீட்டுக்குக் காம்பவுண்டு சுவர் எடுத்துக் கொடுத்தார். அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். அது சிநேகம்.

சென்னைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டார். உரக் குடோனில் ஈயம் எப்படி இவ்வளவு என்று கேட்டார். டிராக்டர் பேட்டரிகளும் கிடந்தன என்றேன். படித்த மனிதர், உடனே ஒப்புக்கொண்டார்.

கருவேலங்குடிக்குத் தொட்டி வந்தது, தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷினும் வந்தது. நல்ல மண்ணை லாரி லாரியாக அள்ளிக்கொண்டுபோய் எங்கேயோ பத்திரமாகப் புதைத்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும், மன்னிக்க வேண்டும். சூசைமேட்டில் நற்சான்றுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சூசையப்பர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். நின்றுபோயிருந்த கல்யாணப் பேச்சுகள் திரும்பத் தொடங்கின. கொட்டகை இருந்த இடம் சும்மாதானே கிடக்கிறது, சான்றும் வந்துவிட்டது என்று அங்கேயே அங்கன்வாடி கட்டினார்கள். பிள்ளைகள் விளையாட நிழலான இடம். ரிப்பன் வெட்ட என்னைத்தான் அழைத்தார்கள். தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். எந்தக் காரணம் சொல்லித் தடுப்பேன்? இடம் சுத்தம் என்று சென்னையிலிருந்து எழுதி வந்திருக்கிறது. விஞ்ஞானத்தை நாம் நம்ப வேண்டும்.

அந்தோணிமேரிக்கு அங்கேயே ஆயா வேலை கிடைத்தது. அவள் மகள் பாத்திமா வரவேற்புப் பாட்டு பாடினாள். ஓர் அடிகூடத் தப்பாமல் பாடினாள், நானே கைதட்டினேன். பாட்டு முடிந்ததும் அந்தோணிமேரி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். தொண்டை சரியில்லை என்றேன். அடுத்த முறை போனபோது, இப்போதுதான் டீ குடித்தேன் என்றேன். சூசையப்பர் திருவிழாவில் ஊரே அசன விருந்து சாப்பிட உட்கார்ந்தபோது நன்றாக மாட்டிக்கொண்டேன். விரதம் என்பதை அவர்கள் பேச்சிலேயே சொன்னால் மரியாதையாக இருக்கும் என்று, “எனக்கு இன்னைக்கு ஒருசந்தி,” என்றேன்.

“திருவிழா அன்னைக்கு ஒருசந்தியாங்க?” என்றாள். “அப்படியே இருந்தாலும் தண்ணி குடிக்கலாமேங்க.”

நான் வேதக்காரன் இல்லை, இந்த விவரமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? வெயில் வேறு. பேசாமல் இருந்திருக்கலாம். பையைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த என் தண்ணீர் பாட்டிலை எடுத்து, அவள் கண்ணெதிரே குடித்துவிட்டேன். அவள் சொம்பைப் பார்த்தாள், என் பாட்டிலைப் பார்த்தாள், போய்விட்டாள். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

பாத்திமாவுக்கு அதற்கு முன்பே வயிற்றுவலி. பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு ரத்தம் இல்லாமல் வெளுத்தாள். வரவேற்புப் பாட்டில் முதல் வரிக்கு மேல் வரவில்லை. சிலேட்டுக் குச்சி கையில் நிற்கவில்லை. தஞ்சாவூர் டாக்டரிடம் கொண்டுபோன அன்று அந்தோணிமேரி சொன்னாளாம், “தண்ணியத்தாங்க பாக்கணும். தண்ணி சோதிக்கிற சாரே எங்க ஊருத் தண்ணியக் குடிக்கமாட்டேங்கிறாரு.” டாக்டர் ரத்தத்தில் ஈயம் பார்த்தார். அப்புறம் அங்கன்வாடிப் பிள்ளைகள் எல்லாருக்கும் பார்த்தார்கள். எல்லாருக்கும் இருந்தது. போனது போனதுதான், மூளையில் பட்டது திரும்பாது என்று டாக்டர் சொன்னதை நீங்களே என்னிடம் வாசித்துக் காட்டினீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. நல்ல குரல்.

ஸ்டிக்கரை மாற்றியது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். விஷம் வைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அது கொட்டகைக்காரர் வைத்தது, புயல் பரப்பியது. சூசைமேட்டுத் தண்ணீர் கெட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஊர்ப் பெயரில் வந்த ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வரிகூட இல்லை. நான் அதை மனசார நம்பினேன்.

பேசிப் பேசி நாக்கு வறண்டுவிட்டது. வெளியே பெஞ்சில் அந்தோணிமேரி மகளோடு உட்கார்ந்திருக்கிறாள், காலடியில் அந்தப் பித்தளைக் குடம் இருக்கிறது, உள்ளே வரும்போதே பார்த்தேன். இந்த டம்ளரில் இருப்பது கீரனூரில் வாங்கிய கேன் தண்ணீர் என்கிறீர்கள். நான் உங்களைச் சந்தேகப்படவில்லை, மேடம். ஆனாலும் உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால், வாசலில் வாங்கி வைத்த என் பையில் என் பாட்டில் இருக்கும். அதைக் கொஞ்சம் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.