காலித் தோட்டாவுக்கு முந்திரிக் கண்

ஷிப்டு முடிந்த கூட்டம். வடலூர் பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. முன் சீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அவள் மடியில் கைத்துப்பாக்கியில் சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகள், ஒரு பை நிறைய.

"இது சொத்தை" என்று ஒன்றை எடுத்து அவர் சட்டைப்பையில் போட்டாள்.

"ஏண்டி, துப்பாக்கி கிளப்புல காலிக் கூட்டுக்கு மறுபடி மருந்து அடைக்கிறவன் நானு. எனக்கே சொல்றியா? இது என்ன முந்திரியா?"

"காடாம்புலியூர்ல பருப்பு தரம் பிரிச்ச கண்ணுங்க இது. எடுத்து வாயோரம் பாருங்க, மயிராட்டம் வெடிப்பு ஓடுது."

"அழுக்குடி அது. லென்ஸ் வச்சிப் பாத்துட்டேன்."

"அழுக்குன்னா சத்தம் மாறுமா?"

சீட்டுக் கம்பியில் நல்லதொன்றைத் தட்டினாள். கணீரென்றது. அவரிடமிருந்து சொத்தையை வாங்கித் தட்டினாள். ஓட்டைத் தகரம் மாதிரி கேட்டது. எனக்கே கேட்டது.

"இதுல மருந்து அடைச்சா சுடும்போது கிழிஞ்சி கைய பதம் பாத்துடும்னு நீங்கதான சொன்னீங்க? ஞாயித்துக்கிழம யாரு சுடப் போறா?"

"நம்ம பொண்ணு."

பஸ் டவுன்ஷிப் ஆர்ச் கேட்டைத் தாண்டியது. அவர் தன் காலடியிலிருந்து இன்னொரு பையைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்.

"இது என்னங்க?"

"நேத்தே பாத்து முடிச்சது. சும்மா ஒருக்கா பாரேன்."

"ஏன், இது முந்திரியா?"

"முந்திரின்னே வச்சிக்கயேன்."