பிள்ளைத்தாச்சிக் குளிசை

"நான் என்ன பிள்ளைத்தாச்சியோ?"

பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இருந்த மீசைக்காரர் இப்படிக் கேட்டதும் நான் காதைக் கொடுத்தேன், பிள்ளைகளே. அரிப்பு என்ற ஊரில் கடற்றொழில் செய்பவர். மனைவியோடு மன்னார் ஆசுபத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். நெஞ்சிலுள்ள இரத்தக் குழாயில் பலூன் விட்டு அடைப்பு எடுத்திருக்கிறார்கள். இப்போது திரும்பவும் நெஞ்சு இறுக்குதாம்.

"ஃபோலிக் குளிசை பிள்ளைத்தாச்சிக்கு மட்டுமெண்டு ஆர் சொன்னது?" என்றார் மனைவி.

"எங்கடை மருமகளுக்கும் மிட்வைஃப் அதைத்தானே குடுத்தவ. மீன் வாடியிலை பொடியள் கண்டால் சிரிப்பாங்கள்."

"பலூன் விட்ட இடம் உள்ளுக்குப் புண். உங்கடை இரத்தத்திலை ஹோமோசிஸ்டீன் எண்ட பொருள் கூட. அது கூடினால் குழாயிலை உள்ள புண் வடிவா ஆறாது, திரும்பவும் அடைக்கலாம். அதைக் குறைக்கத்தான் குளிசை எண்டு டொக்டர் படம் கீறிக் காட்டினவ. நீங்களும் தலையாட்டினனீங்கள்."

"ஆட்டினனான்தான்."

"பிறகு குளிசையை என்ன செய்தனீங்கள்?"

"கடலிலை போட்டன்."

"நல்லது. மீனெல்லாம் நெஞ்சு நோகாமல் திரியும்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"டொக்டரிட்டை நீ சொல்லன்."

"நான் ஏன்? எறிஞ்சது நீங்கள். மறைச்சால், குளிசை குடிச்சும் சுகமாகேல்லையெண்டு நினைச்சு வேறை ஏதும் எழுதிப்போடுவா."

"அவ பொம்பிளை எல்லோ."

"ஓம். வெக்கத்துக்கும் குளிசை இருக்கோவெண்டு அவவிட்டையே கேளுங்கோ. அதையாவது விழுங்கலாம்."